கோஷியென் மண்

ஆகஸ்ட் வந்துவிட்டால் ஜப்பானில் தொலைக்காட்சியைப் போட்டாலே பள்ளி மாணவர்களின் பேஸ்பால்தான். நாடெங்கிலுமிருந்து வட்டாரப் போட்டிகளில் வென்ற 49 பள்ளிகள் கோஷியென் மைதானத்துக்கு வருகின்றன. ஒருமுறை தோற்றால் வீடு திரும்ப வேண்டியதுதான். இந்தப் போட்டி 1915-இல் தொடங்கியது. தொழில்முறை லீக் பிறந்ததோ 1936-இல். ஜப்பானில் பேஸ்பாலுக்குத் தாய்வீடு பள்ளிக்கூடம்.

ஆட்டத்தை அங்கே கொண்டுவந்தவரும் ஓர் ஆசிரியர்தான். டோக்கியோவில் பணியாற்றிய ஹொரேஸ் வில்சன் என்ற அமெரிக்கர் 1872-இல் தன் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். ஹைக்கூ கவிஞர் மசாவோகா ஷிகியும் மாணவப் பருவத்தில் பேஸ்பால் பைத்தியமாகத் திரிந்தவர்.

ஆனால் ஊரே பேசும்படி செய்தது 1896-இல் நடந்த ஓர் ஆட்டம். யோகோஹாமாவில் இருந்த வெளிநாட்டினர் கிளப், ஜப்பானிய மாணவர்களோடு மோத நெடுநாள் மறுத்துவந்தது. ஒருவழியாக மே 23 அன்று சம்மதித்தது. டோக்கியோவின் இச்சிகோ பள்ளி மாணவர்கள் 29-4 என்று வென்றார்கள். மேலை நாடுகள் திணித்த சமமற்ற ஒப்பந்தங்கள் உறுத்திக்கொண்டிருந்த காலம் அது. பத்திரிகைகள் அந்த வெற்றியைத் தேசத்தின் வெற்றியாகவே கொண்டாடின.

கோஷியெனில் தோற்ற மாணவர்கள் மண்டியிட்டு, அழுதபடியே கரிய மண்ணைக் கையால் கூட்டிப் பையில் அள்ளிக்கொள்வார்கள். 1958-இல் ஒகினாவாவிலிருந்து முதன்முதலாக வந்த ஷுரி பள்ளி அணியும் அப்படித்தான் அள்ளிச் சென்றது. ஒகினாவா அப்போது அமெரிக்க ஆட்சியில் இருந்தது. ஜப்பான் மண் அயல்நாட்டு மண் என்று சொல்லி, தாவரத் தடுப்புச் சட்டப்படி நாஹா துறைமுகத்தில் அதைக் கொட்டிவிட்டார்கள். செய்தி அறிந்த விமானப் பணிப்பெண்கள் கோஷியெனிலிருந்து கூழாங்கற்களை எடுத்து அனுப்பினார்கள். கல்லுக்கு அந்தச் சட்டத்தில் தடையில்லை!

தொழில்முறை ஆட்டத்துக்கு வித்திட்டவர்களில் ஒருவரும் கோஷியெனில் ஆடிய பையன்தான். 1934-இல் பேப் ரூத் தலைமையில் அமெரிக்க நட்சத்திரங்கள் வந்தபோது, 17 வயது சவமுரா எய்ஜி ரூத்தையும் லூ கெரிக்கையும் உள்ளிட்ட நால்வரை அடுத்தடுத்து ஸ்ட்ரைக் அவுட் செய்தார். கெரிக் அடித்த ஒரே ஹோம் ரன்னால் 1-0 என்று தோற்றாலும், ஜப்பானியர்களுக்குத் தங்கள் மீது நம்பிக்கை பிறந்தது.

இந்தப் பள்ளி மரபில் எனக்கு நெருடுவது ஒன்றுண்டு. வீச்சாளர் தோளின் மீது ஏற்றும் சுமை. 1998-இல் மட்சுசாகா தைசுகே என்ற மாணவர் 17 இன்னிங்ஸ் நீண்ட ஒரே ஆட்டத்தில் 250 பந்துகள் வீசினார். வாரத்துக்கு 500 பந்துகளுக்கு மேல் கூடாது என்ற வரம்பு 2020-இல்தான் வந்தது. வளரும் பிள்ளைகளுக்கு அதுவும் அதிகம்தான். இன்னும் குறைக்க வேண்டும்.