பனி நகரும் கணக்கு

திருவள்ளூர் அருகே உள்ள திருப்பாச்சூரிலிருந்து வடகிழக்கே, நேர்கோட்டில் சுமார் 70 கிலோமீட்டரில் ஸ்ரீஹரிகோட்டா. 2025 ஜூலை 30 மாலை 5.40 மணிக்கு அங்கிருந்து கிளம்பிய ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட், நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து உருவாக்கிய நிசார் ரேடார் செயற்கைக்கோளைச் சுமந்து சென்றது. அண்டார்டிகாவின் பனி எவ்வளவு வேகத்தில் கடலை நோக்கி நகர்கிறது என்று பார்ப்பதும் அதன் வேலை.

அந்தப் பனியை இந்தியர்கள் முதலில் எட்டியது கப்பலில். 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து புறப்பட்ட எஸ்.இசட். காசிம் தலைமையிலான குழு, ஒரு மாதத்துக்கு மேல் பயணம் செய்து 1982 ஜனவரியில் அங்கே இறங்கியது. 1983-84இல் தட்சிண கங்கோத்ரி நிலையத்தைக் கடலில் மிதக்கும் பனித்தட்டின் மேலேயே கட்டினார்கள். பனி அதை மெல்ல மெல்ல மூடியது. 1990இல் கைவிட வேண்டியதாயிற்று. அடுத்த நிலையமான மைத்ரி பாறைமேல் எழுந்தது.

பனியின் ஓட்டத்தை அறிய அப்போது இருந்த வழி எளியது, ஆனால் கடினமானது. கம்பு நட்டுவிட்டு வர வேண்டும். அடுத்த கோடையில் திரும்பிப் போய் அது எவ்வளவு தள்ளிப்போயிருக்கிறது என்று அளக்க வேண்டும். ஜி.பி.எஸ். வந்த பிறகும் ஆள் போவது நிற்கவில்லை. 2003, 2004 ஆண்டுகளில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தினர் மைத்ரிக்கு அருகே பனியாற்றில் 21 இடங்களில் அளந்தார்கள். ஆண்டுக்கு 1.89 மீட்டரிலிருந்து 10.88 மீட்டர் வரை நகர்வு என்று தெரியவந்தது. இருபத்தோரு புள்ளிகள், ஓராண்டு இடைவெளி. நிசாரோ 12 நாளுக்கு ஒருமுறை அதே தடத்துக்குத் திரும்புகிறது. மேகமும் மாதக்கணக்கில் நீளும் துருவ இரவும் அதற்குத் தடையில்லை.

அளவுகள் பெருகியபோது பழைய நம்பிக்கை ஒன்று உடைந்தது. பெரும் பனிப்படலங்கள் அசைந்துகொடுக்க ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்றே நெடுநாள் எண்ணியிருந்தார்கள். 2002இல் அண்டார்டிகாவின் லார்சன் பி பனித்தட்டில் ஏறத்தாழ 3,250 சதுர கிலோமீட்டர், ஒரு மாதச் சொச்சத்தில் நொறுங்கியது. ஏரிக்கரைபோல் அது தடுத்துவைத்திருந்த பனியாறுகள் பல மடங்கு வேகம் கொண்டன. கிரீன்லாந்தின் யாக்கோப்ஷான் பனியாறு 1990களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு ஆறு கிலோமீட்டர் அளவில் ஓடியது. 2012இல் அது 17 கிலோமீட்டரை எட்டியது. இந்த வேகம் பழவேற்காட்டுக்கும் எண்ணூருக்கும் அயலான செய்தி அல்ல. பனி வேகமாகக் கடலில் சேர்ந்து பனிப்படலத்தின் நிறை குறைந்தால், அது கடல்நீரைத் தன்பால் ஈர்க்கும் விசையும் குறையும். அதன் அருகே கடல் தாழும், தொலைவில் உள்ள கரைகளிலேயே ஏறும்.

இத்தனை பெற்றும், விண்ணிலிருந்து தெரிவது மேற்பரப்பின் ஓட்டம் மட்டுமே. பனியை வழுக்கவிடும் அடிநீர் எங்கே தேங்குகிறது, கீழே கெட்டிப் பாறையா சேறா என்பதற்கு விமான ரேடாரும் நில அதிர்வுக் கருவியும் துளையிடும் ஆட்களும் வேண்டும். அந்த நெடும் பயணங்கள் குறைந்துபோகக் கூடாது என்பதே என் ஆசை. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினர், தட்சிண கங்கோத்ரி என்ற அதே பெயருள்ள பனியாற்றின் நுனி பின்வாங்குவதை 1983 முதல் அளந்துவருகிறார்கள். அன்று பனியின் விளிம்பு எங்கே இருந்தது என்று கேட்டால், 2025இல் ஏவிய ரேடாரிடம் பதில் இல்லை. அவர்களுடைய பதிவுகளில் இருக்கிறது.