டிஸ்க்குக்குத் தெரியாமல் பிறந்து மறையும் கோப்புகள்

சித்தூரில் கல்யாண வீடியோ எடிட்டிங் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "ராமில் பாதியைப் பிரித்து டிஸ்க் மாதிரி வைத்துக்கொண்டால் எந்த சாஃப்ட்வேரும் பத்து மடங்கு வேகமாக ஓடும் என்று யூடியூபில் காட்டுகிறார்கள். இதற்காகவே 32 ஜிபி ராம் வாங்கலாம் என்றிருக்கிறேன். வாங்கலாமா?"

செயற்கை நுண்ணறிவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போனதால் 2025 கடைசியில் ராம் விலை எகிறியது. காசை எடுப்பதற்கு முன் கொஞ்சம் யோசிப்பதில் நஷ்டமில்லை.

காணொளிக்காரர்கள் சொல்லும் எண்கள் பொய்யல்ல. ராமிலிருந்து ஒரு தகவலை எடுக்க ஏறத்தாழ 100 நானோநொடி போதும். நல்ல எஸ்எஸ்டி பல பத்து மைக்ரோநொடி கேட்கும். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் பழைய ஹார்டு டிஸ்க்குக்கு ஒரு சுற்று முடியவே 8 மில்லிநொடி ஆகிவிடும். ஆயிரம், லட்சம் என்று மடங்குகள் எழும்பத்தான் செய்யும். அவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்றுதான்: டிஸ்க்குக்குப் பதில் ராமைப் பயன்படுத்தும் அந்த வேலையை உங்கள் கணினி உங்களைக் கேட்காமலே பல வருடங்களாகச் செய்துகொண்டிருக்கிறது.

நம்பாதவர்கள் இரண்டு ஜிபி கோப்பு ஒன்றை எடுத்து, கணினியைப் புதிதாகத் தொடங்கியதும் ஒருமுறை படிக்க வையுங்கள். உடனே இன்னொரு முறை படிக்க வையுங்கள். ஹார்டு டிஸ்க் என்றால் இரண்டாவது முறை அதன் விளக்குகூடச் சிமிட்டாது.

இதன் சூட்சுமத்துக்குத் தெருமுனை மளிகைக் கடை ஒன்று போதும். முன்னால் அலமாரி, பின்னால் குடோன். யாரோ துவரம்பருப்பு கேட்கிறார்கள். கடைப்பையன் குடோனுக்கு ஓடி மூட்டையைத் தூக்கிவருகிறான். விவரமான பையன். அளந்து கொடுத்ததும் மூட்டையைத் திரும்பக் கொண்டுபோய் வைக்காமல், அலமாரியில் இடமிருக்கும்வரை முன்னாலேயே விட்டுவைக்கிறான். அடுத்த ஆள் பருப்பு கேட்டால் ஓட்டம் மிச்சம். ஒருவர் பட்டியலை வரிசையாக வாசிக்கத் தொடங்கினால், அடுத்து வரப்போவதையும் கேட்காமலே எடுத்துவந்துவிடுகிறான். இடம் நெருக்கடியானால், வெகுநாளாக யாரும் கேட்காத சரக்கு பின்னால் போகிறது. இயங்குதளத்தின் கர்னல் செய்வது இதையேதான். கோப்புகளை 4 கேபி அளவுள்ள பக்கங்களாகப் பார்த்து, சும்மா கிடக்கும் ராம் முழுவதையும் அவற்றுக்குத் திறந்துவிடுகிறது. பேஜ் கேஷ் என்று பெயர். லினக்ஸில் 'ஃப்ரீ' என்ற கட்டளை கொடுத்துப் பார்த்துவிட்டு "ராமே மிச்சமில்லையே" என்று பதறுபவர்கள், நிரம்பிய அலமாரியைப் பார்த்துக் கடை நொடித்துவிட்டது என்று நினைக்கிறார்கள்.

சரக்கு உள்ளே வரும்போது பையன் இன்னும் சாமர்த்தியசாலி. லாரி மூட்டையை முன்னாலேயே இறக்கிக்கொண்டு, 'சேர்ந்தது' என்று கையெழுத்துப் போட்டு லாரிக்காரரை அனுப்பிவிடுகிறான். குடோனில் அடுக்குவது சாவகாசமாக, சுமார் அரை நிமிடம் கழித்து. அந்த அரை நிமிடத்துக்குள் மூட்டை முழுவதும் விற்றுத் தீர்ந்தால் அடுக்கும் வேலையே இல்லை. ஒரு லாரிக்காரர் மட்டும், "குடோனில் அடுக்கியதைக் கண்ணால் பார்த்தால்தான் கிளம்புவேன்" என்று வழிமறித்து நிற்பார். அவரால் அவருக்குப் பின்னால் நிற்கிற லாரிகளும் நகராது. கரன்ட் போனால் ராமில் இருப்பது மறைந்துவிடும்; அதை மட்டும் இந்தக் கடையில் காட்ட முடியவில்லை. கரன்ட் போனதும் அலமாரியில் இருக்கும் சரக்கு மட்டும் ஆவியாகும் மளிகைக் கடையை நான் பார்த்ததில்லை.

என்னை மயக்குவது அந்த அரை நிமிடம். லினக்ஸில் வழக்கமான அமைப்பு 30 நொடி. ஒரு நிரலை கம்பைல் செய்யும்போது நூற்றுக்கணக்கான தற்காலிகக் கோப்புகள் உருவாகின்றன. ஒரு படி எழுதுவதை அடுத்த படி படிக்கிறது, பிறகு அழித்துவிடுகிறது. எக்ஸ்ட்4 போன்ற கோப்பு முறைமைகள், எழுதவேண்டிய நேரம் வரும்வரை டிஸ்க்கில் இடம்கூட ஒதுக்குவதில்லை. ஆகவே ஒரு கோப்பு பிறந்து, பயன்பட்டு, அழிந்து முடிந்துவிடுகிறது. அதன் உள்ளடக்கத்தில் ஒரு பைட்டைக்கூட டிஸ்க் பார்த்திருக்காது. ராமைப் பிரித்து டிஸ்க் மாதிரி வைக்கும் 'ராம் டிஸ்க்' தருவதாகச் சொல்லும் அதிசயம் சாதாரண டிஸ்க்கிலேயே, ஆரவாரமில்லாமல் நடந்து முடிகிறது.

அப்படியானால் ராம் டிஸ்க் எதற்கு? லினக்ஸின் டெம்ப்எஃப்எஸ் அதற்கு அழகான விடை. அது டிஸ்க் போல நடிப்பதில்லை. அதே பேஜ் கேஷ், அதே பக்கங்கள். 'இந்தப் பக்கங்களுக்குப் பின்னால் டிஸ்க்கில் முகவரி கிடையாது' என்பது மட்டுமே வித்தியாசம். பழைய ராம் டிஸ்க்குகள் இடத்தை முன்கூட்டியே வளைத்துப் போட்டுக்கொண்டன. டெம்ப்எஃப்எஸ் கோப்பு வளர வளரத்தான் ராமை எடுக்கும். வழக்கமான உச்சவரம்பு மொத்த ராமில் பாதி. நெருக்கடி முற்றினால் அந்தப் பக்கங்கள் ஸ்வாப் (ராம் போதாதபோது டிஸ்க்கில் பயன்படும் இடம்) வழியாக டிஸ்க்குக்கே போய்ச்சேரும். டிஸ்க்கைத் தவிர்க்க ராமில் வைத்தது, ராம் போதாமல் டிஸ்க்குக்கே திரும்புகிறது!

டெம்ப்எஃப்எஸ்ஸின் உண்மையான லாபம், வழிமறிக்கும் அந்த லாரிக்காரரிடம் இருக்கிறது. தரவுத்தளங்கள் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் 'டிஸ்க்கில் எழுதி முடித்தாயா?' என்று கர்னலிடம் உறுதி கேட்கும். எஃப்சிங்க் என்ற அழைப்பு. சாதாரண டிஸ்க்கில் இங்கேதான் நேரம் கரைகிறது. டெம்ப்எஃப்எஸ்ஸிடம் கேட்டால், எங்கும் எழுதாமலே, 'ஆயிற்று' என்று கூசாமல் சொல்லிவிடும். சோதனைக்காக ஒரு தரவுத்தளத்தை ஆயிரம் முறை உருவாக்கி அழிப்பவருக்கு அந்தப் பொய் வரப்பிரசாதம். வங்கிக் கணக்குகளைப் பதிந்து வைக்கும் தரவுத்தளத்துக்கு அதுவே தலைவலி.

வரலாறு வேண்டும் என்பவர்களுக்காக: இந்த யோசனை 1980 வாக்கிலேயே சிபி/எம் இயங்குதளக் கணினிகளில் விற்பனைக்கு வந்துவிட்டது. 1984-இல் பிசி-டாஸ் 3.0 உடன் விடிஸ்க் என்ற ராம் டிஸ்க் வந்தது. எண்பதுகளின் இறுதியில் சன் நிறுவனம் டெம்ப்எஃப்எஸ்ஸைக் கொண்டுவந்தது. 2001-இன் லினக்ஸ் 2.4 அதே பெயரில் தனக்கென ஒன்றைச் செய்துகொண்டது. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13 தற்காலிகக் கோப்புறையை இயல்பாகவே டெம்ப்எஃப்எஸ்ஸில் வைக்கிறது. நாற்பத்தைந்து வருடப் பழைய சரக்கைத்தான் 'ரகசிய தந்திரம்' என்று காணொளியில் விற்கிறார்கள். ராமின் வேகமும் டிஸ்க்கின் நிலைப்பும் ஒன்றாக வேண்டும் என்று ஆசைப்பட்டவர்களும் உண்டு. 2015-இல் இன்டெலும் மைக்ரானும் '1,000 மடங்கு வேகம்' என்று முழங்கி 3டி எக்ஸ்பாயின்ட் நினைவகத்தை அறிவித்தன. அதை வைத்து வந்த ஆப்டேன் வியாபாரத்தை 2022-இல் இன்டெல் மூடத் தொடங்கியது.

சித்தூர் வாசகரின் வேலைக்கு வருவோம். வீடியோ ரெண்டர் செய்யும்போது நேரத்தைத் தின்பது பெரும்பாலும் புராசசரும் கிராபிக்ஸ் கார்டும். டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் நேரம் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு என்றால், அதை அறவே ஒழித்தாலும் பத்து நிமிட வேலை ஒன்பது நிமிடமாகும், ஒரு நிமிடமாகாது. ராம் கூடுதலாக இருப்பது நல்லதுதான், ஆனால் அதைப் பிரிக்காமல் கர்னலிடமே விட்டுவிடுங்கள்.

வேகத்துக்கு நல்ல பாடம் வேண்டுமென்றால் அவர் ஊரிலிருந்து திருப்பதி போகும் சாலையிலேயே இருக்கிறது. காதங்கியில் உள்ள தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக்கூடத்தில் 1990-களின் தொடக்கத்திலிருந்து எம்எஸ்டி எனப்படும் வளிமண்டல ரேடார் இயங்குகிறது. 130 மீட்டர் பக்கமுள்ள சதுரத்தில் 1,024 யாகி ஆண்டெனாக்கள். 53 மெகாஹெர்ட்ஸில் வானத்தை நோக்கித் துடிப்புகளை அனுப்பி, காற்றிலிருந்து திரும்பும் மெலிந்த எதிரொலியைக் கேட்கும். அங்கே வழக்கமான அமைப்பு ஒன்றில் மில்லிநொடிக்கு ஒரு துடிப்பு. 150 உயர அடுக்குகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்கள் என்று வைத்தால், நொடிக்கு மூன்று லட்சம் எண்கள். எண்ணுக்கு 2 பைட் போட்டாலும் மணிக்கு 2 ஜிபி தாண்டும். 1993-இல் சாதாரணக் கணினியின் டிஸ்க் சில நூறு எம்பிதான்.

அதனால் அடுத்தடுத்த 64 துடிப்புகளை டிஸ்க் பக்கமே போகவிடாமல், வரவர நினைவகத்திலேயே கூட்டிவிடுகிறார்கள். 64 மில்லிநொடிக்குள் காற்று அதிகம் நகர்வதில்லை. ஆகவே எதிரொலி 64 மடங்காகத் திரள்கிறது. இரைச்சல் தாறுமாறானது, அது 8 மடங்குதான் கூடுகிறது. இடம் மிச்சமாவதுடன் சமிக்ஞையும் தெளிகிறது. இப்படி 512 கூட்டல்களைச் சேர்த்து அலைமாலை (ஸ்பெக்ட்ரம்) கணக்கிட 33 நொடி ஆகும். உள்ளே வந்தவை 98 லட்சம் எண்கள், அலைமாலையில் 76,800, அதிலிருந்து ஒவ்வொரு உயரத்துக்கும் வலிமை, வேகம், அகலம் என்று மூன்றாக வடித்தால் 450.

கூட்டியதைத் திரும்பப் பிரிக்க முடியாது. 64 மில்லிநொடிக்குள் வேகமாக மாறும் எதிரொலி இந்தக் கூட்டலில் கரைந்துவிடும். அதனால்தான் 100 கி.மீ. உயரத்து அயனி மண்டலத்தைக் கவனிக்கும்போது அவர்கள் மிகக் குறைவான துடிப்புகளையே கூட்டுகிறார்கள். எதை டிஸ்க்குக்கு அனுப்பாமல் விடலாம் என்பதை அங்கே முடிவு செய்வது ராமின் விலையோ வேகமோ அல்ல. பார்க்கப்போகும் பொருள் எவ்வளவு சீக்கிரம் மாறும் என்ற அறிவு. எந்த நிரலை எழுதுபவரும் முதலில் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டு, பிறகு கடைக்குப் போகட்டும்.