உப்பும் உள்ளமும்

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பது நம் பழமொழி. நாவின் சுவையை எண்ணிச் சொன்ன சொல் அது. ஆனால் உள்ளத்தைப் பற்றிய நோய் ஒன்றுக்கு மருந்துண்பவர்க்கு உப்பு சுவைப் பொருள் மட்டுமன்று. மருந்தின் வலிமையையே மாற்ற வல்ல பொருளுமாகும். அஃது எவ்வாறு என்பதைக் காண்போம்.

இருமுனை மனநோய் என்பது அந்நோயின் பெயர். அதனால் தாக்குண்டவர் சில காலம் அளவு கடந்த கிளர்ச்சியில் இருப்பார், உறக்கம் வேண்டார், ஓயாது பேசுவார், கைப்பொருளையெல்லாம் வாரி இறைப்பார். வேறு சில காலம் ஆழ்ந்த சோர்வில் வீழ்ந்து உயிரையும் வெறுப்பார். இடையில் நம்மைப் போலவே நலமாக இருப்பார். இது பேயின் வேலையன்று. பெற்றோர் வளர்ப்பின் குற்றமுமன்று.

இந்நோய்க்கு இன்றும் முதல் வரிசையில் நிற்கும் மருந்து லித்தியம். 1949-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், கிளர்ச்சி நிலையில் இருந்த பதின்மருக்கு லித்தியம் உப்புகளைக் கொடுத்து, அவர்கள் அமைதியுற்றதை வெளியிட்டார். அதே ஆண்டில் அமெரிக்காவிலோ அப்பொருள் பெயர் கெட்டது. உப்பை விலக்கிய இதய நோயாளிகளுக்குச் சோற்றுப்புக்கு மாற்றாக லித்தியம் குளோரைடு விற்கப்பட்டது. அதைத் தூவி உண்டவர்களுள் சிலர் நஞ்சேறி மாண்டனர். ஒரே பொருள் அங்கே மருந்து, இங்கே நஞ்சு. காரணம் யாது?

வேதியியல் பயிலும் மாணவர் அறிவர்: தனிம அட்டவணையில் லித்தியமும் சோடியமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. நம் சிறுநீரகம் இவ்விரண்டையும் பெரும்பாலும் ஒரே வழியில் நடத்துகிறது. உணவில் உப்புக் குறைந்தால், உடல் சோடியத்தை இழக்க விரும்பாது. சிறுநீரகம் அதை மீண்டும் இரத்தத்துக்கே இழுத்துக்கொள்ளும். அப்போது லித்தியமும் உடன் திரும்பிவிடுகிறது. உப்பு மிகுந்தால் லித்தியம் விரைவில் வெளியேறுகிறது. இரத்தத்தில் இதன் அளவு பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருத்தல் வேண்டும். 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து நெருங்குகிறது. மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையே உள்ள வரப்பு அவ்வளவு குறுகியது!

நான் குடியிருக்கும் ஜீவனஹள்ளியில் கண்ட ஒன்றை, உரியவர் இசைவோடு சொல்கிறேன். ஒரு வீட்டில் தாய்க்கு இரத்த அழுத்தம். உப்பைக் குறைக்கும்படி மருத்துவர் கூறினார். வீட்டில் இருப்பது ஒரே குழம்புச் சட்டி. ஆகவே அனைவருக்கும் உப்புக் குறைந்தது. மகன் என் வயதினன். லித்தியம் உண்டு, நலமாக வேலைக்குச் சென்று வந்தவன். சில நாட்களில் அவன் கை நடுங்கிற்று. டம்ளரில் காப்பி தளும்பிற்று. வயிறு கலங்கி, நடையும் தள்ளாடிற்று. "மாத்திரையின் சூடு, நிறுத்திவிடு" என்றார் ஒருவர். "பழைய நோய் திரும்பிவிட்டது" என்றார் மற்றொருவர். அவனுடைய அக்காள் இருவர் சொல்லையும் கேளாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் சென்றாள். இரத்தத்தில் லித்தியம் ஏறியிருந்தது. மாத்திரை மாறவில்லை, மாறியது சமையலே.

ஆகவே லித்தியம் உண்பவர் உப்பை அள்ளிக் கொட்டவும் வேண்டா. திடீரென்று விலக்கவும் வேண்டா. என்றும் ஒரே சீராக உண்ணல் நன்று. குறைக்க வேண்டிய தேவை வந்தால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி, இரத்தத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும். தண்ணீரும் அவ்வாறே. நீரும் அருந்தாத விரதம், கடும் வெயில், வாந்தி பேதி ஆகியவை உடலின் நீரை வற்றச் செய்து லித்தியத்தை ஏற்றிவிடும். காப்பி லித்தியத்தைச் சிறுநீரில் வெளியேற்றுவது. நாள்தோறும் பல டம்ளர் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் அளவு ஏறக்கூடும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளையும், இரத்த அழுத்த மாத்திரைகள் சிலவற்றையும் மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ளலாகாது.

ஒலன்சபைன் போன்ற வேறு மருந்துகள் பசியையும் உடல் எடையையும் பெருக்குபவை. அவற்றை உண்பவர்க்குச் சோற்றின் அளவைக் குறைத்துக் கீரை, காய், பருப்பு, முட்டை ஆகியவற்றைக் கூட்டுதல் நலம். மீன் எண்ணெய் சோர்வு நிலையில் ஓரளவு உதவலாம் என்று சில ஆராய்ச்சிகள் கூறுகின்றன. கிளர்ச்சிக்கு அது மருந்தாகாது. நேரந்தவறாத உணவும் உறக்கமும் எல்லார்க்கும் நல்லவை, இந்நோயாளர்க்கோ இன்றியமையாதவை. உறக்கம் கெடுவதே கிளர்ச்சிக்கு வாயிலாகலாம்.

"உணவே மருந்து" என்று சொல்லி மாத்திரையை நிறுத்தச் செய்வோர் நம்மிடையே உளர். அன்பினால் சொல்லும் சொல்லே ஆயினும், அது உயிருக்கு உலை வைப்பது. உணவு இந்நோயைத் தீர்க்காது. நோயைக் கட்டுக்குள் வைக்கும் மருந்துக்குத் துணை நிற்கும், அல்லது பகையாகும். நம் பெங்களூரிலேயே, 1954-இல் தோன்றிய அகில இந்திய மனநலக் கழகமும் பழைய மனநோய் மருத்துவமனையும் 1974-இல் இணைந்து உருவான நிம்ஹான்ஸ் ஓசூர் சாலையில் இருக்கிறது. 14416 என்னும் எண்ணில் அரசின் டெலி-மானஸ் உதவியைக் கட்டணமின்றித் தமிழிலும் பெறலாம். நண்பர்களே, உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ லித்தியம் உண்பவர் இருந்தால், அடுப்படியில் உள்ளவர்க்கு இச்செய்தியை எடுத்துச் சொல்லுங்கள். மருத்துவர் எழுதித் தரும் அளவைக் காப்பதில் உப்பு அள்ளும் கைக்கும் பங்குண்டு.