சைக்கிள் சீட்டும் முழங்கால் வலியும்

பள்ளிக்குச் சைக்கிளில் வரும் மாணவர்களில் சிலர் முழங்காலின் முன்புறம் வலிப்பதாகச் சொல்வதுண்டு. தைலம் தேய்த்தாலும் வலி போவதில்லை. இவர்களுடைய சைக்கிளைக் கவனியுங்கள். பல வேளைகளில் சீட் மிகவும் தாழ்வாக இருக்கும். சீட்டுக்கும் முழங்காலுக்கும் என்ன தொடர்பு?

முதலில் ஒரு சிறு கணக்குப் போடுவோம். சாதாரண சைக்கிளில் பெடல் ஒருமுறை சுற்றினால் வண்டி ஏறத்தாழ 5 மீட்டர் நகரும். பள்ளி 5 கி.மீ. தொலைவில் இருந்தால் போகும்போது 1,000 சுற்று. திரும்பும்போது 1,000 சுற்று. அதாவது ஒவ்வொரு முழங்காலும் நாள்தோறும் 2,000 முறை மடங்கி நீள்கிறது. ஒருமுறை மிதிக்கையில் தெரியாத சிறு குறை, இத்தனை முறை சேரும்போது வலியாகிறது.

முழங்காலின் முன்னே கைக்குத் தட்டுப்படும் எலும்புதான் முழங்கால் சில்லு. கிணற்றுக் கப்பி கயிற்றின் திசையை மாற்றுவதுபோல, இது தொடைத் தசையின் இழுவிசையைத் திருப்பிவிடுகிறது. மேலே தொடைத் தசை இழுக்கிறது. கீழே கால் எலும்போடு இணைந்த தசைநாண் இழுக்கிறது. கால் நேராக இருக்கும்போது இவ்விரு விசைகளும் ஏறக்குறைய ஒரே கோட்டில் எதிரெதிராக அமைகின்றன. கால் மடங்க மடங்க, இரண்டும் சேர்ந்து சில்லைத் தொடை எலும்பின்மீது அழுத்துகின்றன.

நீங்கள் படித்த விசைகளின் இணைகர விதி இங்கே பயன்படும். இரு இழுவிசைகளும் சமம் என்று வைத்துக்கொள்வோம். முழங்கால் 30 பாகை மடங்கும்போது, சில்லை அழுத்தும் விசை ஓர் இழுவிசையில் ஏறத்தாழப் பாதி. 60 பாகையில் அதற்குச் சமம். 90 பாகையிலோ 1.4 மடங்கு! சீட் தாழ்ந்திருந்தால், பெடலை வலுவாக அழுத்தும் நேரத்தில் முழங்கால் தேவைக்கு மேல் மடங்கியிருக்கும். முன்புற வலிக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சரியான உயரத்தை எப்படிக் கண்டறிவது? சுவரோரம் சைக்கிளை நிறுத்தி, நண்பர் ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சீட்டில் நேராக அமர்ந்து, ஒரு பெடலை அடிமட்டத்திற்குக் கொண்டுவந்து, குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் அப்போதுதான் நேராக வேண்டும். பிறகு விரல்களை அடுத்த அகன்ற பாதப் பகுதியால் மிதித்தால் முழங்கால் சற்றே மடங்கியிருக்கும்.

ஹாம்லே, தாமஸ் என்ற ஆய்வாளர்கள் 1967-இல், சீட்டின் மேற்புறத்திற்கும் தாழ்ந்த நிலையிலுள்ள பெடலுக்கும் இடையே காலின் உள்ளளவைப்போல் 1.09 மடங்கு தூரம் இருப்பது நல்லது என்று கூறினர். உள்ளளவு 75 செ.மீ. ஆனால், இத்தூரம் சுமார் 82 செ.மீ. இது வலுவாக மிதிப்பதைக் கருதிய கணக்கு. முழங்கால் நலத்திற்குக் கோணமே முக்கியம். பெடல் அடியில் உள்ளபோது முழங்கால் 25 முதல் 35 பாகை வரை மடங்கியிருப்பது நல்லது என்று பின்னர் வந்தவர்கள் வகுத்தனர்.

சீட்டை அளவுக்கு மீறி உயர்த்துவதும் தவறு. அப்போது இடுப்பு இருபுறமும் ஆடும். முழங்காலின் பின்புறம் வலிக்கும். ஆகவே ஒரு தடவைக்கு அரை செ.மீ. மட்டும் உயர்த்தி, சில நாள் ஓட்டிப் பாருங்கள். சீட் தண்டில் எல்லைக்கோடு இருந்தால், அது வெளியே தெரியும்படி உயர்த்தக் கூடாது. போல்ட்டை ஸ்பானரால் நன்றாக இறுக்குங்கள்.

"கால் தரைக்கு எட்டாதே!" என்று சிலர் தயங்கலாம். சீட்டில் அமர்ந்தபடியே இரு பாதங்களையும் முழுதாக ஊன்ற வேண்டும் என்பதில்லை. வண்டியை நிறுத்தும்போது சீட்டை விட்டு முன்னே இறங்கி ஒரு காலை ஊன்றப் பழகிக்கொள்ளுங்கள். முதலில் மைதானத்தில் பழகிவிட்டுப் பிறகு சாலைக்குச் செல்லுங்கள்.

சீட்டைச் சரிசெய்த பின்னும் வலி நீடித்தாலோ, முழங்கால் வீங்கினாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். இன்னொன்றும் நினைவிருக்கட்டும். உங்கள் சைக்கிள் கடையில் வாங்கியதானாலும், பதினோராம் வகுப்பில் அரசு தந்ததானாலும், அது வளர்வதில்லை, நீங்கள் வளர்கிறீர்கள். சென்ற ஆண்டு பொருந்திய சீட் உயரம் இவ்வாண்டு பொருந்தாமல் போகலாம். சில மாதங்களுக்கு ஒருமுறை குதிகாலை வைத்துச் சோதித்துப் பாருங்கள்.