குறைமாதக் குழந்தைக்குக் காஃபீன்

கொல்லிமலையில் மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காபி விளைகிறது. அந்தக் கொட்டையில் உள்ள காஃபீன், குறைமாதக் குழந்தையின் மூச்சு நின்றுவிடாமல் காக்கும் மருந்தும்கூட. மருத்துவமனையில் தருவது காஃபீன் சிட்ரேட். குழந்தையின் எடைக்கேற்ப அளந்து ஊசியாகவோ வாய்வழியாகவோ கொடுப்பார்கள். வீட்டுக் காபித் தண்ணீர் அதற்கு மாற்றே அல்ல.

34 வாரத்துக்கு முன்பே பிறந்த பிள்ளைக்கு மூளையின் மூச்சு மையம் முதிர்ந்திருக்காது. தூங்கும் குழந்தையின் மார்பு திடீரென அசைவற்றுப் போகும். 20 நொடி கடந்தால் இதயத் துடிப்பு தளரும், உதடு நீலம் பாரிக்கும், மானிட்டர் அலறும். செவிலியர் உள்ளங்காலைச் சுண்டிவிட்டதும் மூச்சு திரும்பும். கொல்லிமலைச் செம்மேட்டிலிருந்து அடிவாரத்துக் காரவள்ளிக்கு 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் வண்டியில் இப்படி நேர்ந்தால் என்று நினைக்கவே பதறுகிறது.

மூச்சை அடக்கும் அடினோசின் மூளையில் வந்து ஒட்டும் இடத்தைக் காஃபீன் முந்திக்கொண்டு பிடித்துவிடுகிறது. பெரியவர் உடலில் சுமார் ஐந்து மணி நேரத்தில் பாதியாகும் காஃபீன், பிஞ்சுக் கல்லீரலில் பாதியாக நூறு மணி நேரம்கூட ஆகும். அதனால் நாளுக்கு ஒரு வேளை மருந்தே போதும்.

கவலை குடலைப் பற்றியது. அடினோசின் ரத்தக்குழாயை விரிக்கவும் செய்யும். அதைத் தடுத்தால் குடலுக்குப் போகும் குழாய் சுருங்கலாம். பால் செரிக்கவோ குடலுக்குக் கூடுதல் ரத்தம் வேண்டும். குறைமாதப் பிள்ளைகளின் உயிரைப் பறிக்கும் குடல் அழுகல் நோயில் ரத்தக் குறைவுக்கும் பங்கு இருப்பதால் மருத்துவர்கள் இதைக் கூர்ந்து பார்க்கிறார்கள். வயிற்றின் மேல் டாப்ளர் கருவியை வைத்தால் குழாயில் ரத்தம் ஓடும் வேகம் திரையில் அலையலையாகத் தெரியும். 2002-ல் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் வெளியான ஆய்வில், வழக்கத்தைவிட அதிகமான அளவு கொடுத்தபின் அந்த வேகம் குறைந்தது.

ஓட்டம் குறைந்தால் நோய் வந்துவிடுமா? 2006-ல் வெளியான பன்னாட்டு ஆய்வு 500 முதல் 1,250 கிராம் எடையில் பிறந்த 2,006 குழந்தைகளைத் தொடர்ந்தது. காஃபீன் பெற்றவர்களிடம் குடல் அழுகல் கூடவில்லை. நுரையீரல் பாதிப்போ குறைந்தது. எனக்கு இதுதான் கனமான சான்று. ஆனாலும் அளவில் கை தவறக் கூடாது. முதல் நாள் கிலோவுக்கு 20 மில்லிகிராம், பிறகு தினமும் 5 முதல் 10 என்பதே வழக்கம். வயிறு உப்பினாலோ பச்சையாக வாந்தி வந்தாலோ பாலை நிறுத்திச் சோதிப்பார்கள்.

மருந்தை நிறுத்தியபின்னும் அது உடலில் சில நாள் தங்கும். அதனால் மூச்சு நிற்காமல் ஐந்து முதல் ஏழு நாள் கடந்த பிறகே பல மருத்துவமனைகள் குழந்தையை வீட்டுக்கு அனுப்புகின்றன. மலையூர்த் தாய்மார் அந்த நாட்களைக் கீழேயே கழிக்க இடமும் சாப்பாடும் வேண்டும்.