ஒரு சிறு சொல் கிளப்பிய புயல்!

ஆங்கிலத்தில் "மே" என்றால் "செய்யலாம்". சட்டத்தில் "ஷல்" என்றால் "செய்தே தீரவேண்டும்".

இரண்டுக்கும் பின்னால் வரும் வினைச்சொல் மாறாது. "மே கன்டினியூ", "ஷல் கன்டினியூ" என்றுதான் வரும். ஆனால் பொருள் தலைகீழாக மாறிவிடும்!

இந்தச் சொல்லுக்காகப் பாராளுமன்றத்தில் பெரிய வாதமே நடந்தது.

1963-ல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. 1965-க்குப் பிறகும் இந்தியோடு ஆங்கிலம் நீடிக்கலாம் ("மே") என்றது அது.

நீடிக்கலாம் என்றால், நீடிக்காமலும் போகலாம் அல்லவா? "ஷல்" என்று போடும்படி எதிர்ப்பாளர்கள் கேட்டார்கள். இங்கே இரண்டுக்கும் பொருள் ஒன்றே என்றார், பிரதமர் நேரு. சொல் மாறவில்லை.

1965 பிறந்தது. சென்னை மாநிலத்தில் மாணவர்கள் கொதித்து எழுந்தார்கள். பல உயிர்கள் பலியாயின.

1967-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தில் ஒரு வழி பிறந்தது. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்களோடு மத்திய சர்க்கார் ஆங்கிலத்தில்தான் கடிதப் போக்குவரத்து நடத்தவேண்டும் என்று எழுதினார்கள்.

அந்த இடத்தில் போட்ட சொல், "ஷல்"!