மலை கடந்து பேர்கன் நகருக்கு

மலையும் கடலும் மனிதரைப் பிரிக்கின்றன. பாதைகள் அவர்களை ஒன்று சேர்க்கின்றன. இவ்வுண்மையைக் கண்ணாரக் காண விரும்புவோர், நோர்வேயின் தலைநகராகிய ஒஸ்லோவில் புகையிரதம் ஏறி, மேற்குக் கரையிலுள்ள பேர்கன் நகருக்குச் செல்லுதல் வேண்டும். ஏறக்குறைய 500 கிலோமீற்றர் தூரம். ஏறத்தாழ ஏழு மணி நேரப் பயணம். நம் நாட்டுத் தமிழ்க் குடும்பங்கள் பல குடியேறி வாழ்வதால் இவ்விரு நகரங்களின் பெயர்களும் வாசகர்களுக்குப் புதியன அல்ல. ஆயினும், அவற்றை இணைக்கும் பாதையின் வரலாற்றை அறிந்தோர் சிலரே.

சிறிய நாட்டின் பெரிய துணிவு

ஒஸ்லோவுக்கும் பேர்கனுக்கும் நடுவே ஹார்டங்கர் என்னும் மேட்டுநிலம் பரந்து கிடக்கின்றது. மரமும் வளராத உயரம். ஆண்டின் பெரும்பகுதி பனி மூடிய வெளி. பாதை இல்லாத காலத்தில் தலைநகரிலிருந்து பேர்கனுக்குச் செல்வோர் கப்பலில் தென்கரையைச் சுற்றியோ, வண்டியும் படகும் மாறி மாறி ஏறியோ, இரண்டு நாட்களுக்கு மேல் பயணஞ் செய்தனர். பேர்கன் வணிகர்களுக்குத் தம் தலைநகரினும் கடலுக்கு அப்பாலுள்ள அந்நியத் துறைமுகங்களே நெருக்கமானவையாக விளங்கின.

பேர்கனிலிருந்து வொஸ் என்னும் ஊர் வரை 1883ஆம் ஆண்டில் பாதை திறக்கப்பட்டது. மலையைக் கடந்து அதனை நீட்டுவதற்கு 1894இல் பாராளுமன்றம் இணங்கியது. அந்நாளில் நோர்வே, சுவீடனோடு ஒரே முடியின் கீழ் இருந்த வறிய நாடு. இப்பாதைக்கான செலவோ, அரசின் ஓராண்டு வரவு செலவுத் தொகைக்கு நிகரானது எனக் கூறுவர். மனிதர் வாழாத பனிவெளியிற் பணத்தைப் புதைப்பதா என்று கேட்டோரும் இருந்தனர். எனினும் பணி நிற்கவில்லை. 1905இல் நாடு தனியரசாயிற்று. 1909ஆம் ஆண்டு நவம்பர் 27ஆந் திகதி, புதிய மன்னரான ஏழாம் ஹாக்கோன் பாதையைத் திறந்து வைத்தார்.

வண்டி ஏறுகின்றது

இனி நாமும் வண்டியில் ஏறுவோம். புகையிரதம் என்று பழக்கத்தால் நாம் கூறினும், 1964 முதல் இப்பாதை முழுவதிலும் மின்சாரமே வண்டியை இழுக்கின்றது. ட்ராமன், ஹேனபோஸ் முதலிய ஊர்களைக் கடந்து, ஆற்றையும் பசுஞ்சோலைகளையும் ஒட்டியவாறு ஹாலிங்டால் பள்ளத்தாக்கினுள் வண்டி நுழைகின்றது. யெய்லோ என்னும் ஊரை அடையும்போது கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 800 மீற்றர் உயரத்தில் இருக்கின்றோம். அதன்பின் மரங்கள் குறுகி, அருகி, ஈற்றில் மறைந்துவிடுகின்றன. பாறையும் ஏரியும் பனியுமே எஞ்சுகின்றன.

1,222 மீற்றர் உயரத்திலுள்ள பின்ஸ என்னும் நிலையத்தில் வண்டி நிற்கின்றது. நாட்டின் மிக உயர்ந்த புகையிரத நிலையம் இதுவே. மோட்டார் வண்டிச் சாலை எதுவும் இங்கு வருவதில்லை. தென்துருவப் பயணத்துக்கு ஆயத்தஞ் செய்த ஷக்கிள்ற்றன், தம் கருவிகளைச் சோதித்துப் பார்க்க 1914இல் இவ்விடத்தைத் தேர்ந்தாரென்றால் இதன் குளிரை நாம் ஊகித்துக் கொள்ளலாம்.

பனியோடு போர்

பாதை போடுவதினும் அதனைக் காப்பதே கடினமாயிற்று. இங்கே வானிலிருந்து விழும் பனியைவிடக் காற்று வாரிக் குவிக்கும் பனியே பெரும் பகை. சில மணி நேரத்தில் தண்டவாளம் புதைந்துவிடும். ஆகவே, பனியை மறிக்க வேலிகள் எழுப்பினர். பாதையின்மேல் மரக் கூடாரங்கள் அமைத்தனர். முகப்பிற் பெருஞ்சக்கரம் பூட்டிய பனி அகற்றும் வண்டிகளையும் கொணர்ந்தனர். சக்கரத்தின் அலகுகள் சுழன்று பனியை வெட்டித் தூர எறிய, பின்னிருந்து இயந்திரம் தள்ளிச் செல்லும். இறுதியில், பனிக்கு அடியிற் புகுவதே சிறந்த வழியெனக் கண்டனர். 1993 முதல், ஏறத்தாழ 10 கிலோமீற்றர் நீளமான சுரங்கமொன்றின் வழியே வண்டிகள் செல்கின்றன. பழைய பாதையின் உச்சி 1,301 மீற்றர். இன்றைய உச்சி 1,237 மீற்றர்.

மியூர்டால் நிலையத்தைக் கடந்ததும் மற்றொரு நெடுஞ்சுரங்கம் வருகின்றது. கிராவ்ஹால்ஸ் எனப்படும் இதன் நீளம் 5,311 மீற்றர். கடும்பாறையைக் குடைந்து இதனை அமைத்தோரின் பெயர்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. ஆனால் அத்தொழிலாளர்களுக்குப் பொருள்களைக் கொண்டுசெல்ல அமைத்த மண்சாலை மறையவில்லை. தொழிலாளர் சாலை என்ற பெயருடன் இன்றும் நிலைத்து, கோடையில் துவிச்சக்கர வண்டிப் பயணிகளை ஈர்க்கின்றது.

மழை நகரம்

மியூர்டாலிலிருந்து கிளைப்பாதையொன்று 20 கிலோமீற்றர் தூரத்துக்குள் கடல்மட்டத்துக்கே இறங்கி, ப்ளோம் என்னும் கிராமத்தை அடைகின்றது. நேரமுள்ளோர் அதனையும் கண்டு வரலாம். நம் வண்டியோ வொஸ் ஊரைத் தாண்டி, கடல் நிலத்தினுள் நீண்டு புகுந்த நீர்க்கழிகளின் ஓரமாகப் பேர்கனை அடைகின்றது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் நகரம் இது. குடையின்றி இறங்குதல் நன்றன்று. இசை மேதை எட்வர்ட் கிரீக் 1843இல் இங்கே பிறந்தார். உலர்த்திய மீன் வாணிபத்தில் தழைத்த ஜேர்மன் வணிகர்களின் துறைமுகப் பகுதி பிரிக்கன் எனப்படும். அங்குள்ள மரவீடுகளை 1979இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

2009ஆம் ஆண்டில் இப்பாதைக்கு நூறு வயது நிறைந்தது. அப்போது நோர்வேத் தொலைக்காட்சி, பேர்கனிலிருந்து ஒஸ்லோ வரையான பயணம் முழுவதையும் ஏழு மணி நேரத்துக்கு மேலாக ஒளிபரப்பியது. கதையில்லை, நடிகரில்லை; வண்டியும் வழியுமே காட்சி. ஐம்பது இலட்சத்துக்கும் குறைந்த மக்கள் வாழ்ந்த அந்நாட்டில், பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதனில் ஒரு பகுதியையேனும் கண்டு மகிழ்ந்தனர்.

பணத்தைப் பனியிற் புதைப்பதா என்ற பழைய கேள்விக்கு இதனினும் தெளிந்த விடை வேண்டுமோ? தம் பாட்டன்மார் வியர்வை சிந்தி இட்ட வழியை ஒரு மக்கட் கூட்டம் தன் உடைமையாக ஏற்றுக் கொண்டது. முன்னோர் பிற்காலத்தாருக்கென ஒதுக்கிய செலவு என்றும் வீண்போவதில்லை.